மூணு கிகா சிவசாமி

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கலியாணம் நிச்சயமானால் பந்தலுக்கு ஆள் பார்ப்பதற்கு முன்பே வீடியோவுக்கு ஆள் பார்க்கிற காலம் அது. "மூணு கிகாவுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்பார்கள். அந்தப் பெயருக்குரிய ஆள் சிவசாமி. பட்டப்பெயரை ஊர்தான் வைக்கும். சிவசாமியோ தன் பட்டப்பெயரைத் தன் வாயாலேயே தேடிக்கொண்டார்.

அங்கே ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவர். பாடசாலை முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் கைவிட்டது. விடியற்காலையில் தோட்ட வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்று பேர் கொடுக்க மனமில்லாமல், தொண்ணூற்றொன்றில் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். பிறகு லைட் பிடித்தார். லைட் பிடித்த கை ஒருநாள் கெமராவும் பிடித்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு பஸ் நிலையத்துக்கு மேலே ஓர் அறை எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கச் சொன்னால் வேர்த்துப்போகும் சுபாவம். கெமராவுக்குப் பின்னால் நிற்பதில் அவருக்கு இருந்த பெரிய நிம்மதியே அதுதான். ஆனால் சாமான்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் மட்டும் மனுசனை நிறுத்த முடியாது.

எடுத்த படத்தை வெட்டி ஒட்ட அந்த நாளில் கினிகத்தேனைக்குப் போக வேண்டும். அங்கே மிக்சிங் செய்கிறவர் தன் இஷ்டத்துக்கு மணமகளின் தலைக்கு மேலே ரோஜாப்பூ சுற்ற விடுவார். ஒருமுறை பெண்ணைப் பெற்றவர் அழுகிற இடத்தை வெட்டிவிட்டு அங்கே மயில் ஒன்றை ஆட விட்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர் சிவசாமியின் அறைக்கு வந்து, தன் அழுகை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே சிவசாமி முடிவு கட்டினார். சொந்தமாக ஒரு கம்பியூட்டர் வேண்டும். அதுவும் லெப்டொப் வேண்டும். தாலி கட்டியதை அன்று சாயங்காலமே பந்தலில் வைத்து ஊருக்குக் காட்ட வேண்டும். இந்த மலையில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது.

எந்த லெப்டொப் என்று கேட்பதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆள் கோபிசங்கர். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஹட்டனில் ஒரு பாடசாலையில் கம்பியூட்டர் படிப்பிக்கிற ஆசிரியர், பக்கத்துக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தார். சுருக்கமாகப் பேசுவார். கேட்டதற்கு மேலே ஒரு சொல் சொல்லமாட்டார். இரண்டாயிரத்து ஏழில் இருவரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டியில் வெளிநாட்டில் பாவித்த லெப்டொப் விற்கிற கடை ஒன்றில் நின்றார்கள்.

மேசையில் இரண்டு மெஷின் இருந்தன. ஒன்று தடித்தது, பென்டியம் ஃபோர், மூன்று கிகாஹேர்ட்ஸ். மற்றது மெல்லியது, பென்டியம் எம், ஒன்று தசம் ஆறு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். பிறந்ததில் இருந்து கொழுந்து நிறுவையைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தராசில் மூன்று பெரிதா, ஒன்றரை பெரிதா?

"ரெண்டாவதை எடுங்கோ," என்றார் கோபிசங்கர்.

"என்னாங்க சேர், இதுல பாதி வேகந்தானுங்களே இருக்கு?"

"அது வேகம் இல்லை, சிவசாமி. ஒரு செக்கனுக்கு எத்தினை தரம் கை வைக்குது எண்ட கணக்கு. உங்கட தோட்டத்திலயே பாருங்கோ. ஒராள் ஒருக்கால் கை வச்சால் ரெண்டு கொழுந்து வரும். மற்றாள் ஒருக்கால் கை வச்சால் நாலு கொழுந்து வரும். ஆர் கூடத் தரம் கை வச்சது எண்டு பார்த்துக் கொழுந்தை நிறுக்கேலுமே?"

சிவசாமிக்கு அது விளங்கியது. விளங்கியும் மனம் மூன்றை விட்டு வர மறுத்தது. கோபிசங்கர் தடித்த மெஷினின் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்ததுபோல் சூடு அடித்தது.

"இந்தச் சூடு முழுக்கப் பற்றரியில இருந்து போறது. கரண்ட் இல்லாட்டி முக்கால் மணித்தியாலம் நிண்டாப் பெரிய காரியம். மற்றது மூண்டு, நாலு மணித்தியாலம் நிக்கும்."

இந்த இடத்தில்தான் சிவசாமிக்கு ஒரு யோசனை உதித்தது. மலையில் பிறந்தவனுக்கு மட்டும் உதிக்கக்கூடிய யோசனை. "சூடுதானே சேர் பிரச்சினை? கொழும்புக்காரனுக்குத்தான் அது பிரச்சினை. எங்க ஊரு குளிருக்குச் சூடு ஒரு வரம்ல? ஐப்பசி மாசத்துல வெளியில வச்சா, ஃபேனே தேவைப்படாது."

"குளிர் சூட்டைக் கொண்டுபோகும்," என்றார் கோபிசங்கர். "போன பற்றரியைத் திருப்பித் தராது."

சிவசாமி மூன்று கிகாவை வாங்கினார். கோபிசங்கர் கடைக்காரனிடம் விலை பேசி, அந்த ஒன்று தசம் ஆறைத் தனக்கென்று வாங்கிக்கொண்டார். ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டும் வரை இருவரும் கிரிக்கெட் பற்றித்தான் பேசினார்கள்.

ஊருக்கு வந்த சிவசாமியைப் பிடிக்க முடியவில்லை. தேநீர்க் கடை, சலூன், பஸ் தரிப்பிடம் என்று எங்கே நின்றாலும் மூணு கிகா என்பதே பேச்சு. கிகா என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. மூணு என்றால் தெரியும். பெயர் ஒட்டிக்கொண்டது.

மெஷின் நன்றாகத்தான் ஓடியது, சுவரில் கரண்ட் இருந்த வரைக்கும். மார்கழிக் குளிரில் அதன் பக்கவாட்டில் வரும் காற்றில் அவர் கை காய்ந்துகொண்டார். கடைப் பூனை வந்து அந்தப் பக்கமாகவே படுத்தது. ஒரு கலியாண டீவீடியைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கோபிசங்கரின் மெஷினிலும் ஒருநாள் போட்டுப் பார்த்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் முடிந்தன. அதைப் பற்றி அவர் தேநீர்க் கடையில் எதுவும் சொல்லவில்லை. தாலி கட்டியதைச் சாயங்காலமே காட்டுகிற திட்டம் இரண்டு பந்தலில் நடந்தது. மூன்றாவது பந்தலில், மாப்பிள்ளை அழைப்பு ஓடும்போதே கரண்ட் போனது. அதற்குப் பிறகு பெட்டரியில் ஓடிய படம், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும், முடிச்சு விழுவதற்கு முன் அணைந்தது. பெண்ணின் தாய்மாமன் அதை அபசகுனம் என்று சொல்லிச் சிவசாமியை அடிக்கவே வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். பெயர் மட்டும் அவரைக் கைவிடவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது, ஆகஸ்ட் மாதம். மழை விடாமல் அடித்து, மரம் விழுந்து, தோட்டத்துக்கு வரும் கரண்ட் கம்பி அறுந்து கிடந்தது. அந்த மழையில் கீழ் டிவிசனில் வேலாயி இறந்துபோனாள். சிவசாமி பிறந்த லயத்தில் அடுத்த காம்பராக்காரி. பெரியம்மா என்று கூப்பிட்டுப் பழகிய உறவு. கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. புருசன் மாயாண்டியும், தங்கை ராக்காயியும் கூட இருந்தார்கள். ஒரே மகள் பிரேமினி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். போய் நான்கு வருசமாகிறது, ஒருமுறையும் வரவில்லை.

பிரேமினி சிவசாமிக்குத்தான் போன் எடுத்தாள். லீவு கேட்டு, மேடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அழுது முடித்த குரல்.

"சாமிண்ணே, நீங்க கெமராக்காரருதானே. எனக்கு அம்மா மொகத்தக் காட்டுங்கண்ணே. டீவீடி எடுத்து அனுப்ப வேணாம். மண்ணு போடுறதுக்கு முந்தி நான் பாக்கணும். மேடத்தோட மகன்கிட்ட கம்பியூட்டர் இருக்கு. நாளைக்கு மத்தியானம் காலேஜ் விட்டு வந்ததும் மெசஞ்சர் போட்டுத் தர்றேன்னு சொல்லிருக்கான்."

"காட்டுறேன்மா," என்றார் சிவசாமி. சொன்ன பிறகுதான் பெட்டரி நினைவுக்கு வந்தது.

லயம் பள்ளத்தில் இருந்தது. அங்கே கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. டவர் தெரிகிற இடம் ஒன்றே ஒன்று, மயானத்துக்குப் போகிற பாதை டர்பன்டைன் மரத்தடியில் வளைகிற முடக்கு. நல்லவேளையாக அந்தத் தோட்டத்து வழக்கமும் அதே முடக்கில்தான் நின்றது. பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. முடக்கு வரைக்கும் வருவார்கள். அங்கே பெட்டியை இறக்கி, அவர்கள் கடைசியாக ஒருமுறை முகம் பார்ப்பதற்காக மூடியைத் திறப்பார்கள். பிறகு பெட்டி மேலே போகும், பெண்கள் திரும்பிப் பார்க்காமல் லயத்துக்கு வந்துவிடுவார்கள். குவைத்தில் இருக்கிற மகளும் அந்த முடக்கு வரைக்கும் வரலாம் என்று சிவசாமி கணக்குப் போட்டார்.

இன்டர்நெட் டொங்கிளும் கெமராவும் மாட்டி மெஷினை முழு வேகத்தில் ஓட விட்டால் பெட்டரி அரை மணித்தியாலம்கூடத் தாங்காது. கோபிசங்கரின் மெஷினை இரவல் கேட்கப் போனார். கதவில் பூட்டுத் தொங்கியது. பாடசாலை விடுமுறை. மனுசன் லெப்டொப்போடு யாழ்ப்பாணம் போய்விட்டார். ஹட்டனில் வேறு லெப்டொப் இல்லாமல் இல்லை. மழையில் இழவு வீட்டுக்கு இரவல் தர ஆள்தான் இல்லை. சிவசாமி தன் மூன்று கிகாவை அறையிலேயே முழுக்க சார்ஜ் ஏற்றி, பொலித்தீன் பையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். முடிச்சு விழுவதற்கு முன் அணைந்த அந்தப் படம் வழிநெடுக நினைவில் வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது.

டிவிசனில் இழவு விழுந்தால் அரை நாள் பேரோடு வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்துவிடுவார்கள். அன்றும் வந்தார்கள். தப்பு முழங்க, வெள்ளைக் கொடி நனைந்து தொங்கிய பாதையில் பெட்டி ஏறியது. சிவசாமி முன்னாலேயே முடக்குக்குப் போய், ஒரு கல்லின் மேல் லெப்டொப்பை வைத்து, குடையைப் பிடிக்க ராக்காயியை நிறுத்தினார். பெட்டி முடக்கில் இறங்கியதும் மெஷினைப் போட்டார். ஃபேன் இரைந்தது. மெசஞ்சர் திறந்தது. பேச்சுக்குப் போன், படத்துக்குக் கம்பியூட்டர் என்று அவளோடு முன்பே பேசி வைத்திருந்தார். பிரேமினியின் போன் வந்தது. சத்தத்தைக் கூட்டி, ஒலிபெருக்கியில் போட்டார்.

"மரம் தெரியுதுண்ணே. குடை தெரியுது. அம்மா எங்க?"

அம்மா மூடிக்குள் இருந்தாள். மூடியைத் திறப்பதற்கு முன் தலைவர் இரங்கல் உரை சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம்தான். தோட்டக் கமிட்டித் தலைவர் வீரய்யா சாதாரணமாக நாலு வார்த்தையோடு முடித்துக்கொள்பவர். அன்றைக்குக் கெமரா வெளிநாடு வரைக்கும் போகிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைமுடியைத் தடவிவிட்டு, கெமராவுக்கு நேராக வந்து நின்றார்.

"கடல் கடந்து வாழும் எமது உறவுகளே," என்று தொடங்கினார்.

வேலாயியின் உழைப்பில் தொடங்கி, சம்பளப் பேச்சுவார்த்தைக்குள் புகுந்து, லயத்துக் கூரைத் தகரம் வரைக்கும் போனார். அவருடைய நெஞ்சைத் தாண்டிக் குவைத்துக்கு எதுவும் தெரியவில்லை. திரையின் மூலையில் பெட்டரி கரைந்துகொண்டிருந்தது. பாதி போய், பாதியிலும் பாதி போனது. தலைவர் பேசும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லை. சிவசாமிக்கு உள்ளங்கை வேர்த்தது. வாயைத் திறந்தார்.

"தலைவரே, நிப்பாட்டுங்க!"

முடக்கு முழுக்கக் கேட்டது. தப்படிக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வார்த்தை வெளியே வந்துவிட்டது, இனி அள்ள முடியாது.

"பெட்டரி முடியப்போகுதுங்க. அந்தப் புள்ள ஆத்தா மொகத்தப் பாக்கணும்."

வீரய்யா ஒரு நிமிசம் அவரை முறைத்தார். பிறகு, "தொறங்கப்பா," என்று சொல்லி ஒதுங்கினார். மாயாண்டி குனிந்து தானே மூடியை எடுத்தார்.

பெட்டரியில் மிச்சம் இருந்தது மிகக் கொஞ்சம். முழு வேகத்தில் ஓடினால் இரண்டொரு நிமிசத்தில் அணைந்துவிடும். சிவசாமி பவர் செட்டிங்கைத் திறந்து, ஒருநாளும் தொடாத கடைசி வரியைத் தொட்டார். மெஷின் தன் வேகத்தைப் பாதியாக இறக்கியது. கோபிசங்கரின் மெஷின் பிறந்ததே ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். ஃபேன் இரைச்சல் அடங்கியது. குவைத்துக்குப் போகிற படம் ஓட முடியாமல், ஒவ்வொரு படமாக நின்று நின்று போனது.

வேலாயியின் முகம் அமைதியாக இருந்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அசையாத முகத்துக்கு வேகம் எதற்கு? நின்று நின்று போனாலும் அந்த முகம் முழுசாகத்தான் போய்ச் சேர்ந்தது.

"அம்மா," என்றாள் பிரேமினி. பிறகு போனில் வெறும் அழுகை. பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். கொஞ்சம் பொறுத்து, "அண்ணே, படம் நின்னுருச்சா? அம்மா அப்படியே இருக்காங்களே," என்று கேட்டாள்.

சிவசாமி ராக்காயியைப் பார்த்தார். அவள் குடையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் கன்னத்தில் விழுந்த மழைத்துளியைத் துடைத்தாள். கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"இந்தா, சின்னம்மா கை தெரியுது," என்றாள் பிரேமினி. "நிக்கல. நல்லா தெரியுதுண்ணே."

அடுத்த நிமிசம் லெப்டொப் அணைந்தது. திரை கறுத்தது. சிவசாமி பொத்தானை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. இருட்டுவதற்கு முன் மண் போட வேண்டும் என்று மேலேயிருந்து ஒருவர் சத்தம் போட்டார். மாயாண்டி மூடியை வைத்தார். ஆட்கள் தோள் கொடுத்தார்கள். தப்பு தொடங்கியது. பெட்டி முடக்கைத் திரும்பி மேலே போய் மறைந்தது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தார்கள். சிவசாமி போனைக் காதுக்குக் கொண்டுபோனார். படம் போய்விட்டது, அம்மா போயாச்சு என்று சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் மூடாதீங்க," என்றது போன். ஒலிபெருக்கி இன்னும் போட்டபடியே இருந்தது. "நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ராக்காயி சின்னம்மா கையக்கூட எடுக்கல. அம்மா கன்னத்துலயே வச்சிருக்காங்க. எடுக்கச் சொல்லாதீங்க. இருக்கட்டும்."

சிவசாமிக்கு விளங்கியது. கடைசியாகப் போன படம் குவைத்தில் அந்தப் பையனின் திரையில் அப்படியே நின்றுவிட்டது.

பாதையில் இறங்கி நடந்துகொண்டிருந்த ராக்காயிக்கும் அது கேட்டது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். அவள் நின்றாள், திரும்பினாள், மழையில் நனைந்துகொண்டு ஏறிவந்து சிவசாமியின் பக்கத்தில் நின்றாள். போனுக்கு நேராகக் குனிந்தாள்.

"இங்கதான் இருக்கேன்டி. கைய எடுக்கல. நீ பாரு."

பிரேமினி பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தப்புச் சத்தம் நின்று, மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. சிவசாமி போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.